கடுகுப் பூவும் கடைத் தராசும்

நம்மவர் மளிகைக் கடைகளில் கடுகு இல்லாத கடை இல்லை. பெரிய கடையானால் கிட்டங்கியில் மூட்டையாக அடுக்கியிருக்கும். சிறிய கடையானால் பொட்டலமாகத் தொங்கும். அது எந்த ரகம், எந்த ஊர்ச் சரக்கு, தூசு எவ்வளவு, மூட்டைக்கு என்ன கழிவு என்பதெல்லாம் நம்மவருக்கு மனப்பாடம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்னும் பழமொழியும் நம் நாவிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கடுகுக்கு ஒரு பூ உண்டு என்பதையும், அந்தப் பூ மலரும் காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் நிலமெல்லாம் மஞ்சளாகிவிடும் என்பதையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வட இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலும் வங்காள தேசத்திலும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் மக்கள் வரப்பில் நின்று, பூத்த கடுகு வயலைப் பார்த்து மகிழ்கிறார்கள். வசந்தம் வருகிறது என்பதற்கு அவர்களுக்கு அதுவே அடையாளம். பயிர் செய்பவனும் பார்க்கிறான். பயிருக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத வழிப்போக்கனும் பார்க்கிறான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பயிர் பூத்த வயலைக் கண்டு களிப்பது அறிவுடைய மனிதனுக்குத் தகுந்த காரியமா, அல்லது வீண் பொழுதுபோக்கா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே நாம் எத்தகைய வியாபாரிகள் என்பதும், ஓரளவுக்கு நாம் எத்தகைய முஸ்லிம்கள் என்பதும் தெரியவரும்.

வயலில் நடப்பது

முதலில் வயலைத் தெரிந்துகொள்வோம். வட இந்தியாவில் மழைக்காலம் ஓய்ந்த பின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடுகை விதைக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் அறுவடை முடிந்துவிடும். இந்தியாவில் மற்ற எல்லா மாநிலங்களையும்விட இராஜஸ்தானில்தான் கடுகு மிகுதியாக விளைகிறது. ஹரியானாவிலும், உத்தரப் பிரதேசத்திலும், மத்தியப் பிரதேசத்திலும், மேற்கு வங்காளத்திலும் அது பெரும் பயிர். வங்காள தேசத்தில் டாங்காயில், சிராஜ்கஞ்ச், மாணிக்கஞ்ச் முதலிய வட்டாரங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கே அமன் என்னும் நெல்லை அறுத்த பின், போரோ என்னும் நெல்லை நடுவதற்கு முன், இடையில் கிடைக்கும் ஏறத்தாழ மூன்று மாதத்திற்குள் கடுகை எடுத்துவிடுகிறார்கள். நிலம் சும்மா கிடக்கக்கூடிய நாட்களை எண்ணெயாக மாற்றிக்கொள்ளும் உழவர் திறமை அது.

கடுகுப் பூவுக்கு நான்கு இதழ்கள். கொத்தின் அடியில் உள்ள பூ முதலில் மலரும். பிறகு அதற்கு மேலே உள்ளது. இப்படியே உச்சி வரை. ஆகவே ஒரே தண்டில் கீழே காய் பிடித்திருக்கும், நடுவே பூ விரிந்திருக்கும், உச்சியில் மொட்டு இருக்கும். தேனீ வளர்ப்போர் இந்தக் காலத்தை அறிந்து தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து வயலோரம் வைக்கிறார்கள். கடுகுப் பூவின் தேன் வெகு சீக்கிரத்தில் உறைந்து வெண்ணெய்போல் வெளுத்துவிடும். விவரம் தெரியாதவர் அதைக் கண்டு கலப்படத் தேன் என்று சந்தேகிப்பதும் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூ மலரும்போது குளிர் போய்விடுவதில்லை. காலையில் பனிமூட்டம் வரப்பை மறைக்கும். உழவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வயலுக்கு வருவார்கள். வசந்தம் வந்த பின் பூ மலர்வதில்லை. பூ முன்னே வந்து வசந்தத்தை அறிவிக்கிறது. ஆகவே அந்த வயலைக் கண்டு மகிழ்பவன் கைக்கு வந்துவிட்ட ஒன்றைக் கண்டு மகிழவில்லை. வரப்போவதன் அடையாளத்தைக் கண்டு மகிழ்கிறான். குளிரும் தீரவில்லை, விளைச்சலும் வரவில்லை. மனம் மட்டும் மலர்ந்துவிட்டது. இந்த மகிழ்ச்சிக்கு ஆதாரம் என்ன? இது சரிதானா?

இரண்டு ஆட்சேபங்கள்

நம்மவரிடம் இதைப்பற்றிப் பேசினால் இரண்டு ஆட்சேபங்கள் எழும்.

முதல் ஆட்சேபம் பெட்டியடியில் அமர்ந்திருப்பவருடையது. "பூவைப் பார்த்தால் வயிறு நிறையுமா? கடுகு என்ன விலைக்கு வரும் என்பதுதான் பேச்சு. பூவுக்கு அங்காடியில் என்ன மதிப்பு?" என்பார் அவர்.

இரண்டாவது ஆட்சேபம் பள்ளிவாசல் முன் வரிசையில் இருப்பவருடையது. "இந்த துன்யாவின் அலங்காரம் எல்லாம் நாலு நாளில் வாடிப்போவது. வாடும் பூவில் மனத்தை வைப்பவன் வாடாத மறுமையை மறந்துவிடுவான்" என்பார் அவர்.

இரண்டு பேரும் நல்லவர்களே. இரண்டு பேரும் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

முதல்வருக்குத் திருக்குர்ஆனே விடை கூறுகிறது. சூரத்துன் நஹ்லில் அல்லாஹுத்தஆலா கால்நடைகளைப் பற்றிப் பேசுகிறான். அவற்றால் கிடைக்கும் கதகதப்பு, உணவு, மற்றப் பயன்கள் ஆகியவற்றை முதலில் எண்ணிச் சொல்கிறான். அதோடு நிறுத்தவில்லை. மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் மேய்க்க விடும்போதும் அவற்றில் நமக்கு ஓர் அழகு இருக்கிறது என்று தனியாக எடுத்துக் கூறுகிறான். பயன் ஒரு வசனத்திலும் அழகு அடுத்த வசனத்திலுமாக வைக்கப்பட்டிருப்பதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அழகும் பயனுக்குள் அடக்கம் என்றிருந்தால் அதைத் தனியே கூறவேண்டிய தேவை என்ன? பால் கணக்கிலும் தோல் கணக்கிலும் சேராத ஒரு வரவு மனிதனுக்கு உண்டு. அதையும் தன் அருட்கொடைகளில் ஒன்றாகவே இறைவன் எண்ணிக் காட்டுகிறான்.

ஹிஜ்ரி 505-ல், அதாவது கி.பி. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் இறை நேசத்தைப் பற்றி எழுதும்போது இதே வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள். மனிதன் எதை நேசித்தாலும் தன் ஆதாயத்திற்காகத்தான் நேசிக்கிறான் என்று வாதிப்பவர்களுக்கு அவர்கள் காட்டும் சான்று பசுமையும் ஓடும் நீருமேயாகும். நாம் பசும்புல்லை உண்பதற்காக விரும்புவதில்லை. ஓடும் நீரைக் குடிப்பதற்காக மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்ப்பதே ஓர் இன்பம். அழகு அழகாயிருப்பதற்காகவே நேசிக்கப்படக்கூடியது. இந்த உண்மையை உணராதவனுக்கு இறைவனை அவன் தரும் பொருளுக்காக அல்லாமல் அவனுக்காகவே நேசிப்பது எவ்விதம் புரியும்? இமாம் அவர்களின் வாதம் அங்கேதான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆதாயமில்லாத இடத்தில் மகிழத் தெரியாதவனுடைய இபாதத்தும் ஒரு கொடுக்கல் வாங்கலாகவே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

இரண்டாமவருக்கு வருவோம். உலக வாழ்வு மழையால் செழித்த பயிரைப் போன்றது, உழவரை மகிழ்வித்துப் பின் மஞ்சளித்துச் சருகாவது என்னும் கருத்து சூரத்துல் ஹதீதில் வருவது உண்மைதான். ஆனால் அது எச்சரிப்பது யாரை? செழிப்பைக் கண்டவனையா, அது என்றும் நிற்கும் என்று நம்பிவிட்டவனையா?

சூரத்துல் கஹ்பில் இரண்டு தோட்டங்களுக்கு உடையவன் ஒருவன் வருகிறான். தோட்டத்தின் அழகைக் கண்டு மகிழ்ந்தது அவனுடைய குற்றமாகச் சொல்லப்படவில்லை. இது ஒருபோதும் அழியாது என்று அவன் சொன்னதும், உன்னைவிட நான் செல்வன் என்று தோழனிடம் பெருமை பேசியதுமே குற்றம். அவன் தோழனும் தோட்டத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. நுழைந்தபோது மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறான். சூரத்துல் கலமில் வரும் தோட்டக்காரர்களும் அப்படியே. ஏழை எவனும் உள்ளே வந்துவிடாமல் அதிகாலையில் போய்ப் பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்துகொண்டு இரவில் தூங்கினார்கள். விடிந்தபோது தோட்டம் அழிந்து கிடந்தது. அவர்கள் பூவையும் காயையும் பார்த்து மகிழ்ந்ததால் அழியவில்லை. எண்ணிப் பார்த்து மறைத்ததால் அழிந்தார்கள்.

அன்றியும், கனி தோன்றும்போதும் அது முதிரும்போதும் அதை உற்று நோக்குங்கள் என்னும் கட்டளை சூரத்துல் அன்ஆமில் இருக்கிறது. பார் என்பது கட்டளையாக இருக்கும்போது பார்க்காதிருப்பது பக்தியாகுமா?

விலை பேசக் கூடாத காலம்

இப்போது வியாபாரிகளாகிய நமக்கே உரிய ஒரு சட்டத்தைப் பார்ப்போம். பூத்த வயலைப் பற்றிய நம் கேள்விக்கு மிகச் சிறந்த விடை அதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

கனிகள் முதிர்ச்சி வெளிப்படும் முன் அவற்றை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பேரீச்சை சிவக்கவோ மஞ்சளிக்கவோ வேண்டும். தானியக் கதிர் வெளுத்து நோய் அபாயம் நீங்க வேண்டும். அதன் பின்னரே விற்கலாம். விற்பவர், வாங்குபவர் இருவரையுமே தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எந்த நியாயத்தால் எடுத்துக்கொள்வாய் என்னும் கருத்தில் அதற்குக் காரணமும் கேட்டார்கள். இந்தத் தடையின் பின்னணியை ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். மதீனாவில் மக்கள் கனிகளை முன்கூட்டியே விற்று வந்தார்களாம். அறுவடைக் காலம் வந்து, பாக்கி கேட்கப்படும்போது, இந்த நோய் பிடித்தது, அந்த நோய் பிடித்தது என்று வாங்கியவர்கள் வழக்காடினார்களாம். வழக்குகள் பெருகிய பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறு வழிகாட்டினார்கள்.

கடுகு வயலில் இந்தச் சட்டத்தின் நியாயம் கண்ணெதிரே தெரியும். பூத்த கடுகுக்குப் பெரும்பகை அசுவினிப் பூச்சி. வானம் மூடி ஈரம் நீடித்தால் அது பெருகிப் பூங்கொத்தையும் இளங்காயையும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சிவிடும். காய் பிடித்த பின் ஆலங்கட்டி மழை விழுந்தாலும் போச்சு. அறுக்க வேண்டிய நாளில் அறுக்காமல் காயவிட்டால் காய் வெடித்து மணி மண்ணில் சிந்திவிடும். மஞ்சள் வயலுக்கும் கடுகு மூட்டைக்கும் இடையே இத்தனை கண்டங்கள் இருக்கின்றன. வழிப்போக்கன் பூவைப் பார்க்கும்போது உழவன் வானத்தைப் பார்ப்பது இதனால்தான்.

அப்படியானால் முன்பணமே கொடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறது நம் மார்க்கம். மதீனாவாசிகள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடியோடு நீக்கிவிடவில்லை. அளவும் எடையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஸலம் என்பது அது. உழவனுக்கு விதைக்கும் காலத்தில் பணம் கிடைக்கிறது. வியாபாரிக்குச் சரக்கின் உறுதி கிடைக்கிறது. ஆனால் குறிப்பிட்ட இந்த வயலில் பூத்திருக்கும் இந்தப் பூவைக் காட்டி அதன் விளைச்சலை விற்பது வேறு. பூ ஒரு வாக்குறுதிபோல் தோன்றும். அந்த வாக்குறுதியை நிறைவேற்றுபவன் உழவனும் அல்லன், வியாபாரியும் அல்லன். சட்டத்தின் நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு; அவற்றை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதன் உட்பொருளை மட்டுமே.

அந்த உட்பொருள் யாது? ஒவ்வொரு பயிருக்கும் அதன் பலனுக்கு விலை பேசக் கூடாத ஒரு காலம் இருக்கிறது. விதை வாங்கும்போது விலை உண்டு. மணி விற்கும்போது விலை உண்டு. நடுவே பூத்து நிற்கும்போது ஷரீஅத் நம் தராசைக் கீழே வைக்கச் சொல்கிறது. தராசைக் கீழே வைத்தவன் அந்தக் காலத்தில் என்ன செய்வான்? பார்க்கலாம், மகிழலாம், துஆச் செய்யலாம். பூத்த வயலில் மனிதனுக்கு விடப்பட்டிருக்கும் வேலை இவைதான். வீண் பொழுதுபோக்கு என்று நாம் நினைத்தது உண்மையில் அந்தக் காலத்துக்கு உரிய ஒழுக்கமாக இருக்கிறது.

இந்த ஒழுக்கம் வயலோடு முடிவதில்லை. நம் பிள்ளைகளைப் பார்ப்போம். பத்து வயதுச் சிறுவனைக் கண்டால் இவன் கடைக்கு உதவுவானா, டாக்டரானால் என்ன சம்பாதிப்பான், எந்தக் கிளையை இவன் பெயரில் திறக்கலாம் என்று கணக்குப் போடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது பூவை மூட்டையாக எண்ணுவதல்லாமல் வேறென்ன? அவன் பருவத்துக்கு உரிய அழகைப் பார்க்காமலே அவன் பருவம் போய்விடுகிறது. பின்னர் எதிர்பார்த்த விளைச்சல் வராதபோது வீட்டுக்குள்ளேயே வழக்கு எழுகிறது. மதீனாவில் கனிகளுக்காக எழுந்த வழக்குதான் இங்கே தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் எழுகிறது.

மகிழ்ச்சிக்கும் கடமை உண்டு

பார்த்து மகிழ்வது நல்லது என்றதால் எப்படி வேண்டுமானாலும் மகிழலாம் என்பதாகாது. வயல் ஒருவனுடையது. அவன் வியர்வை அதில் இருக்கிறது. இக்காலத்தில் கைப்பேசியில் படம் எடுப்பதற்காகப் பூத்த கடுகுக்குள் இறங்கி நடப்பவர்கள் பலர். அவர்கள் மிதித்த தண்டில் காய் பிடிக்காது. வரப்பில் நின்று காண்பது கண்ணுக்கு உரிய பங்கு. வயலில் இறங்கி மிதிப்பது பிறன் பொருளை அழிப்பது. ஒரு முஸ்லிம் பயிரிட்டு, அதிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாகும் என்று ஹதீஸில் வருகிறது. தேனீ பூவில் அமர்ந்து எழும்போது பூ கெடுவதில்லை. அதனால் காய் நன்றாகவே பிடிக்கிறது. பார்க்க வருபவனும் அப்படி வந்து போக வேண்டும்.

அடுத்த கடமை அறுவடை நாளில் வருகிறது. கனியைப் பாருங்கள் என்று சொன்ன அதே சூரத்துல் அன்ஆம், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்பது ஹதீஸ் காட்டும் கணக்கு. எந்தெந்தப் பயிருக்கு இது கடமை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம்; பார்ப்பதும் கொடுப்பதும் ஒரே சூராவில் சேர்ந்திருப்பதில் வேறுபாடு இல்லை. பூவைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தவன் மணியை அளக்கும்போது கை இறுகிவிட்டால் அந்த நெகிழ்ச்சி பொய் என்றுதான் ஆகும்.

நமக்கு வயல் இல்லை; ஆகவே நமக்குக் கடமை இல்லை என்று இருந்துவிட முடியுமா? சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலும் கோலாலம்பூரில் கோத்தா ராயா பக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமையில் கூடும் வங்காள தேசத்துத் தொழிலாளர்களை நாம் அறிவோம். நம்மவர் கடைகளில் கடுகெண்ணெய் வாங்குபவர்களில் பெரும் பகுதியினர் அவர்களே. அவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவர்கள் நம் பெட்டியடியில் எண்ணெய்ப் போத்தலுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் அதே வேளையில் அவர்கள் ஊரில் கடுகு பூத்து நிற்கிறது. அதைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இந்த விவரம் தெரிந்த வியாபாரிக்கும் தெரியாத வியாபாரிக்கும் பேச்சிலே வேற்றுமை இருக்கும். ஊரிலே கடுகு பூத்துவிட்டதா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவொன்றுமில்லை. கேட்கப்பட்டவனுக்கு அது ஒரு ஸலாத்தைப்போல் இருக்கும்.

விலையை மட்டும் பார்க்கும் கண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் கடுகே சாட்சி. பிரமதண்டு என்று ஒரு முட்செடி இருக்கிறது. அதன் பூவும் மஞ்சள். அதன் விதையும் பார்வைக்குக் கடுகைப்போல் கறுத்திருக்கும். ஆனால் அதன் எண்ணெய் நஞ்சு. 1998-ம் ஆண்டில் டில்லியில் கடுகெண்ணெயில் அந்த எண்ணெய் கலந்து, உண்டவர்களுக்கு உடல் வீங்கி, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுகின் பூவையும் அதை வளர்த்த கையையும் அதை உண்ணும் வாயையும் நினைப்பவன் அந்தக் காரியத்திற்குத் துணிவானா? சரக்கை வெறும் சரக்காகவே பார்த்துப் பழகியவனுக்குத்தான் அந்தத் துணிவு வரும்.

இனி, மகிழ்ச்சியின் உயர்ந்த கடமை ஒன்று உண்டு. அதைப் பிறருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. டில்லியில் அடங்கியிருக்கும் ஹழ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் தம் இளம் உறவினர் தகியுத்தீன் நூஹ் மறைந்த துக்கத்தில் பல நாள் முகம் மலராதிருந்தார்கள் என்றும், அவர்களுடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரவ், வசந்தத்துக்காக மஞ்சள் உடுத்திக் கடுகுப் பூ ஏந்திச் சென்றவர்களைக் கண்டு, தாமும் மஞ்சள் உடுத்திப் பூவோடு வந்து நின்றார் என்றும், அதைக் கண்டு அவர்கள் புன்னகைத்தார்கள் என்றும் அந்தத் தர்காவின் மரபு கூறுகிறது. குருவும் சீடரும் 1325-ம் ஆண்டிலேயே மறைந்தனர். அந்தத் தர்காவில் ஆண்டுதோறும் அந்த நாளை மஞ்சள் பூவோடு நினைவுகூருகிறார்கள். அவ்வாறு நினைவுகூரும் முறையைப் பற்றிப் பலர் பலவாறு சொல்வர். அதை விட்டுவிடுவோம். பூத்த வயலைக் கண்ட ஒருவர் தாம் மட்டும் மகிழ்ந்துவிட்டுப் போகாமல், துக்கத்தில் இருந்த இன்னொருவரை நினைத்தார் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. தனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைப் பார்த்தவுடன் அது கிடைக்காதவன் நினைவுக்கு வருகிறானா? வந்தால் அந்த மகிழ்ச்சி ஹலாலான மகிழ்ச்சி என்று துணிந்து சொல்லலாம்.

வசந்தம் இல்லாத நாட்டில்

நாம் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே. ஆகவே இந்தப் பேச்செல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பூக்காத நாடு எதுவும் இல்லை. கெடாவிலும் சிலாங்கூரின் செக்கிஞ்சானிலும் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. நெல்லும் பூக்கும். அதன் பூ மிகச் சிறியது. முற்பகல் வேளையில் ஒரு மணி நேரம்போல் திறந்து மூடிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் நம் வீடுகளில் உலை வைக்கிறோம். பினாங்கிலிருந்தோ அலோர் ஸ்டாரிலிருந்தோ அந்த வயல்களுக்குப் போக அதிக நேரம் பிடிக்காது. பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துச் செல்லும் நாம் ஒருமுறை வரப்புக்கும் அழைத்துச் செல்லலாம்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கடையில் விற்கும் கடுகில் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு தொட்டி மண்ணில் தூவி, வெயில் படும் இடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வந்தால், சில நாளில் முளைத்துவிடும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூவையும் பார்க்கலாம். தகப்பன் விற்கும் பொருளுக்கு உயிர் இருக்கிறது என்பதைப் பிள்ளை கண்ணாரக் காணட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பருவத்தின் முதற்கனியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் அதற்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் குழந்தைகளில் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அதன் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கனிக்கு அவர்கள் விலை பேசவில்லை, சேமித்தும் வைக்கவில்லை.

வியாபாரம் கேவலமான தொழில் அன்று. நேர்மையான வியாபாரியின் அந்தஸ்தை நம் மார்க்கம் மிக உயர்த்தியே வைத்திருக்கிறது. விலை பார்ப்பது நம் தொழில். அதில் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் விலை பார்ப்பது மட்டுமே நம் பார்வையாகிவிட்டால், காலையில் கடை திறந்து இரவில் கடை அடைக்கும் நாம், இடையில் ஒன்றையுமே பார்க்காமல் வாழ்நாளைக் கழித்துவிடுவோம். ஐந்தொகையில் லாபம் இருக்கும். நம் கண்ணுக்கு மட்டும் நஷ்டம்.

கடுகு மணி மிகச் சிறியது. ஒரு கிராம் நிறுத்தால் இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள் ஏறும் என்பது நிறுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். தனியொரு மணியை நம் கடைத் தராசு உணராது. அந்தச் சிறு மணியைத்தான் மறுமைத் தராசுக்கு அளவாகத் திருக்குர்ஆன் காட்டுகிறது. சூரத்துல் அன்பியாவிலும், லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையிலும் அது வருகிறது. கடுகளவு செயலும் அங்கே விடுபடாது. அன்னியன் ஒருவனிடம் ஊர்ப் பூவைப் பற்றிக் கேட்ட ஒரு சொல்லும், வரப்பை விட்டு இறங்காமல் நின்ற ஒரு காலும், பூவைக் கண்டபோது உள்ளத்தில் எழுந்த ஒரு மாஷா அல்லாஹ்வும் அந்தத் தராசில் நிறுக்கப்படும்.

பார்க்க வேண்டியதைப் பார்க்கும் கண்ணையும், பார்த்ததற்கு நன்றி சொல்லும் நாவையும், அறுவடை நாளில் இறுகாத கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.